அளவான செலவில் அளவான கோட்

சொந்த ஊருக்குத் திரும்பிய குடும்பங்களின் தேவைப் பட்டியலில் ஆண்களின் கோட் சூட் முன்னுக்கு வருவதில்லை. கூரைத்தகடு, கிணறு துப்புரவாக்கல், விதைநெல், பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை என்பவையே முதலில் வருகின்றன. ஆனாலும் ஒருநாள் அந்தத் தேவையும் வந்து சேர்கிறது. மகனுக்கு ஒரு நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருகிறது, அல்லது தம்பிக்குக் கலியாணம் நிச்சயமாகிறது. முன்பு தகப்பனின் கோட் ஒன்று அலுமாரியில் இருந்திருக்கும். அதையே வீட்டிலுள்ள ஆண்கள் மாறி மாறிப் போட்டிருப்பார்கள். இடப்பெயர்வில் அலுமாரியும் போய்விட்டது, கோட்டும் போய்விட்டது.

இப்படியான நேரத்தில் அவசரமாகக் கடைக்குப் போய், கடன் பட்டு, அளவில்லாத கோட் ஒன்றை வாங்கிவிடுவது எளிது. இந்தப் பாடம் அதைத் தவிர்ப்பதற்காக எழுதப்பட்டது. இதில் நினைவில் வைக்க வேண்டிய முக்கிய விடயம் ஒன்றுதான்: தோளில் சரியாக நிற்கும் மலிவான கோட், தோளில் நிற்காத விலைகூடிய கோட்டைவிட நன்றாக இருக்கும். மற்ற இடங்களைத் தையற்காரர் திருத்தித் தருவார். தோளைத் திருத்துவது மிகக் கடினம்.

1. வாங்கத்தான் வேண்டுமா?

கடைக்குப் போக முன்னர் வீட்டில் இருந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எமது வெயிலில் எல்லா நேர்முகத் தேர்வுக்கும் கோட் தேவைப்படுவதில்லை. பெரும்பாலானவற்றுக்கு வெளிர் நிறத்தில் நீளக்கைச் சேட், கடும் நிறத்தில் நீளக் காற்சட்டை, துடைத்த சப்பாத்து, வேண்டுமானால் ஒரு ரை என்பவை போதும். அங்கே முதலில் பார்ப்பது உங்கள் சான்றிதழ்களைத்தான். க.பொ.த சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திடமும், பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்திலும் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணமும் பயணச் செலவும் கோட்டுக்கு முந்தியவை.

சில ஹோட்டல் வேலைகள், தனியார் நிறுவனங்களின் சில பதவிகள், தேவாலயத் திருமணம், திருமண வரவேற்பு என்பவற்றுக்குக் கோட் எதிர்பார்க்கப்படலாம். சைவ முறைக் கலியாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுவது வேட்டியுடன்தான். கோட் தேவைப்படுவது வரவேற்புக்கு மட்டும் என்றால், மணமக்கள் அலங்காரம் செய்யும் கடைகளில் வாடகைக்கு எடுப்பது மலிவு. வாடகைக்கு எடுக்கும்போது வைப்புப் பணம், திருப்பிக் கொடுக்கும் நாள், கறை பட்டால் எவ்வளவு கழிப்பார்கள் என்ற மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள்.

அயலில் சேர்ந்து வாங்குவதும் நல்ல வழி. ஒரே தெருவில் தோள் அளவும் மார்பளவும் ஒத்த மூன்று நான்கு பேர் இருந்தால், எல்லோருக்கும் ஒரு கோட் போதும். காற்சட்டையை மட்டும் அவரவர் வைத்துக்கொள்ளலாம். அதற்காகக் கோட்டுடன் ஒத்துப்போகக்கூடிய கடும் நீலம் அல்லது கடும் சாம்பல் நிறத்தைத் தெரிவு செய்யுங்கள். கோட் யார் வீட்டில் இருக்கும், போட்ட பிறகு துப்புரவு செய்வது யார் என்பதை முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

2. எந்தப் பணத்தில் வாங்குவது?

வீட்டுத் திட்டப் பணத்தில் கை வைக்காதீர்கள். அந்தப் பணம் கட்டம் கட்டமாகவே வருகிறது. அத்திவாரத்துக்கு வந்த பணத்தில் அத்திவாரம் எழும்பாவிட்டால் அடுத்த கட்டப் பணம் தடைப்படும். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பணமும் அப்படித்தான். ஆட்டுக்கோ வலைக்கோ வந்த பணம் கோட்டாக மாறினால் வருமானம் வரும் வழி அடைபட்டுவிடும். நகையை அடைவு வைத்து உடுப்பு எடுப்பதையும் தவிருங்கள். கோட்டைப் போடுவது ஒரு நாள், வட்டி ஓடுவது ஒவ்வொரு மாதமும்.

கையில் சேர்த்த பணத்தைப் பத்துப் பங்காகப் பிரியுங்கள். ஆறு பங்கு கோட்டுக்கும் காற்சட்டைக்கும், ஒரு பங்கு தையற்காரரின் திருத்த வேலைக்கும், இரண்டு பங்கு சேட்டுக்கும் சப்பாத்துக்கும், ஒரு பங்கு பயணத்துக்கும் எதிர்பாராத செலவுக்கும் ஆகும். உதாரணமாக 12,000 ரூபா இருந்தால், 7,200 ரூபாவுக்கு மேல் கோட்டும் காற்சட்டையும் போகக்கூடாது. திருத்த வேலைக்கு 1,200, சேட்டுக்கும் சப்பாத்துக்கும் 2,400, மிகுதி 1,200 பயணத்துக்கு. இவை கணக்கு விளங்குவதற்கான தொகைகள் மட்டுமே, கடை விலைகள் அல்ல. பலர் திருத்த வேலைக்கு ஒன்றும் ஒதுக்காமல் முழுப் பணத்தையும் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு நீளமான கையோடும் தொளதொளத்த இடுப்போடும் நிற்க வேண்டி வருகிறது.

3. வீட்டிலேயே அளவெடுங்கள்

பழைய அளவை நம்பாதீர்கள். முகாம் வாழ்க்கையில் பலர் மெலிந்துவிட்டார்கள். இளம் பிள்ளைகள் அந்த வருடங்களில் வளர்ந்துவிட்டார்கள். அளவுநாடா இல்லாவிட்டால் ஒரு சணல் நூலால் அளந்து, அதைப் பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். 1 அங்குலம் 2.54 சென்ரிமீற்றர். ஒருவர் தன்னைத்தானே அளக்க முடியாது. வீட்டிலுள்ள இன்னொருவர் அளக்க வேண்டும்.

- தோள்: முதுகுப் பக்கமாக, ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மற்றத் தோள் எலும்பின் முனை வரை.
- மார்பு: இரண்டு அக்குளுக்கும் கீழே, நெஞ்சின் அகன்ற பகுதியைச் சுற்றி. மூச்சைப் பிடிக்க வேண்டாம். நாடாவுக்குள் ஒரு விரல் போக வேண்டும்.
- இடுப்பு: காற்சட்டை வழமையாக நிற்கும் இடத்தைச் சுற்றி.
- கை: தோள் எலும்பின் முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை, கையைச் சற்று மடக்கி.
- உள்கால்: கவட்டிலிருந்து கணுக்கால் எலும்புக்குக் கீழ் வரை.

இந்த ஐந்து இலக்கங்களையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். ஆயத்த கோட்டில் உள்ள இலக்கம் பெரும்பாலும் மார்பளவைக் குறிக்கும். மார்பு 38 அங்குலம் என்றால் 38ஆம் அளவுக் கோட்டிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.

4. திருத்த முடியாதவை, திருத்தக்கூடியவை

இதுவே இந்தப் பாடத்தின் நடுப்பகுதி. கடையில் கோட்டைப் போட்டதும் கண்ணாடியில் முகத்தைப் பார்க்காமல், கீழுள்ள ஒழுங்கில் பாருங்கள்.

திருத்த முடியாதவை அல்லது திருத்தினால் செலவு கூடியவை:

- தோள்: கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும். சுவருக்குப் பக்கவாட்டாக நின்று மெதுவாகச் சாயுங்கள். கை சுவரில் படமுன்னர் கோட்டின் தோள் பட்டால் அது பெரிது. தோளுக்குக் கீழே கையில் பள்ளம் விழுந்தாலும் அளவு பிழை.
- கழுத்து: கோட்டின் கொலர் சேட்டின் கொலரோடு ஒட்டி இருக்க வேண்டும். பின்கழுத்தில் இடைவெளி தெரிந்தால் அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள்.
- நீளம்: கோட் இருப்பிடத்தை மூட வேண்டும். கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால், அந்த மடிப்புக்குக் கிட்ட கோட்டின் விளிம்பு வர வேண்டும். நீளத்தைக் கூட வெட்டினால் பொக்கற் கீழே இறங்கியதுபோலத் தெரியும்.
- மார்பு: மேல் தெறியைப் பூட்டினால் உள்ளங்கை தட்டையாக உள்ளே போக வேண்டும். தெறியைச் சுற்றிப் பெருக்கல் குறிபோலச் சுருக்கம் விழுந்தால் இறுக்கம்.

குறைந்த செலவில் திருத்தக்கூடியவை:

- கையின் நீளம்: ஓர் அங்குலம் வரை ஏற்றுவது இலகு. கை விளிம்பிலுள்ள தெறிகளுக்கு உண்மையான துளை வெட்டியிருந்தால் திருத்துவது கடினம். அதை முதலில் பாருங்கள்.
- கோட்டின் இடுப்பு: ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை பிடிக்கலாம்.
- காற்சட்டையின் இடுப்பு: இரண்டு அங்குலம் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பொக்கற் இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கிவிடும்.
- காற்சட்டையின் நீளம்: எல்லாத் தையற்காரரும் செய்வார்கள்.

சிறிதாக்குவது எப்போதும் முடியும். பெரிதாக்குவதற்கு உள்ளே துணி மிச்சம் இருக்க வேண்டும். காற்சட்டையின் பின்தையலைப் புரட்டிப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் ஓர் அங்குலமாவது மடிப்பு இருந்தால் நல்லது. இப்போது மெலிந்திருப்பவர் வேலைக்குப் போய்ச் சாப்பாடும் ஒழுங்கானதும் தேறிவிடுவார். அந்த மடிப்பு இருந்தால் அதே காற்சட்டை இன்னும் சில வருடங்களுக்கு உதவும்.

5. துணியைப் பார்த்தல்

கம்பளி என்றதும் குளிர் நாட்டுத் துணி என்று நினைக்க வேண்டாம். மெல்லிய கம்பளி காற்றை விடும், சுருங்காது, ஆனால் விலை கூட. பொலியெஸ்டரும் விஸ்கோசும் கலந்த துணி எமது பகுதிக்கும் எமது கைப்பணத்துக்கும் ஏற்றது. முழுப் பொலியெஸ்டர் வியர்வையை உள்ளே அடைத்து வைக்கும், வெளிச்சத்தில் பளபளக்கும்.

துணியின் ஒரு மூலையைக் கைக்குள் பத்து விநாடி கசக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் தானாக விரிந்தால் நல்ல துணி. பிறகு கோட்டைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். மின்விளக்கின் கீழ் கடும் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். பல குடும்பங்கள் நல்ல காரியங்களுக்குக் கறுப்பைத் தவிர்ப்பதால், கடும் நீலமோ கடும் சாம்பலோ வாங்கினால் நேர்முகத் தேர்வுக்கும் கலியாணத்துக்கும் ஒரே கோட் போதும். உள்துணி பாதி முதுகுக்கு மட்டும் தைத்த கோட் வெக்கைக்கு நல்லது.

6. எங்கே வாங்குவது?

ஆயத்த கோட்: சோடியாக விற்கும் சூட்டில் காற்சட்டையின் இடுப்பு பெரும்பாலும் மார்பளவைவிட 6 அங்குலம் குறைவாக இருக்கும். 38ஆம் அளவுக் கோட்டோடு 32 அங்குலக் காற்சட்டை வரும். உங்கள் இடுப்பு 29 என்றால் காற்சட்டையைத் தனியாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

தைப்பது: ஒரு சூட்டுக்கு 58 அங்குல அகலத் துணியில் 3 முதல் 3.5 மீற்றர் வரை வேண்டும். துணி வாங்க முன்னர் தையற்காரரிடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முழுமையாகத் தைத்து முடிக்க முன்னர் ஒருதடவையாவது போட்டுப் பார்க்க அழைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நல்ல தையற்காரர் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். வேலைக்கு குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள்.

பழைய கோட்: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூச்சி அரித்த துளை உண்டா என்று பாருங்கள். அக்குள் உள்துணி கிழிந்துள்ளதா, காற்சட்டையின் இருப்பிடமும் முழங்காலும் தேய்ந்து மினுங்குகின்றனவா, நெஞ்சுப் பகுதியில் குமிழ் எழும்பியுள்ளதா என்றும் பாருங்கள். துளை, குமிழ் இரண்டில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். தெறி இல்லாதது குறையல்ல, அதை மாற்றலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் கோட்: உறவினர்கள் பார்சலில் கோட் அனுப்புவதாகச் சொன்னால், முதலில் உங்கள் ஐந்து அளவுகளையும் தொலைபேசியில் சொல்லுங்கள். இங்கிலாந்து, கனடாவில் கோட்டின் இலக்கம் அங்குலத்தில் இருக்கும். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் கோட்டுகளில் உள்ள இலக்கத்திலிருந்து 10ஐக் கழித்தால் எமது அளவு வரும். அங்கே 48 என்றால் இங்கே 38. மாரிகாலத் தடித்த கோட் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அங்கு வெயில் காலத்துக்குப் போடும் கோட் எமக்கு ஏற்றது.

இறந்துபோன அல்லது காணாமற்போன ஒருவரின் கோட் சில வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. அதை மகனுக்குத் திருத்துவதா, அப்படியே வைத்திருப்பதா என்பதை அந்தக் குடும்பம் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். வீண் செலவு என்று சொல்லி அயலவரோ பணியாளரோ வற்புறுத்தக்கூடாது. திருத்த விரும்பினால் முதலில் தோளை அளந்து பாருங்கள். தோள் ஓர் அங்குலத்துக்கு மேல் பெரிதாக இருந்தால், அதை வெட்டிக் கெடுக்காமல் அப்படியே வைத்திருப்பதே நல்லது.

7. காயமடைந்தவர்களுக்கு

செயற்கைக் கால் பாவிப்பவர், அந்தக் காலையும் அன்று போடப்போகும் சப்பாத்தையும் அணிந்தபடியே காற்சட்டையின் நீளத்தை அளக்க வேண்டும். இரு காலுக்கும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். முழங்கால் பகுதி சற்று அகலமாக இருந்தால் உட்கார்ந்து எழும்பும்போது துணி பிடிக்காது. ஒரு தோள் தாழ்ந்திருந்தால், அந்தப் பக்கத்தில் தோள் பஞ்சைத் தடிப்பாக்கிச் சமன் செய்யலாம். கையை இழந்தவரின் கோட்டில், வெறுங்கையை ஊசியால் குத்தி விடாமல் உள்ளே மடித்துத் தைத்துவிடலாம். இவையெல்லாம் தையற்காரருக்குச் சிறிய வேலைகள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கடையில் ஆட்கள் முன்னிலையில் அளவு கொடுக்க விருப்பமில்லை என்றால், ஆள் குறைந்த நேரத்தில் வரலாமா என்று கேளுங்கள்.

8. தையற்காரரிடம் பேசுதல்

பின்வரும் உரையாடலை வீட்டில் வாசித்துப் பாருங்கள்.

"அண்ணை, தோள் சரியா நிக்குது. கைதான் நீளம். ஏத்தலாமோ?"

"ஏத்தலாம் தம்பி. அண்டைக்குப் போடப்போற சேட்டோட வந்தனீரோ?"

"ஓம் அண்ணை, இதுதான்."

"அப்ப கையைக் கீழ விடும். சேட்டின்ர விளிம்பு அரை அங்குலம் வெளிய தெரியவேணும். முக்கால் அங்குலம் ஏத்தினாச் சரி."

"இடுப்பும் கொஞ்சம் லூசு. ரெண்டுக்கும் எவ்வளவு எண்டு முதல் சொல்லுங்கோ, பிறகு செய்யுங்கோ."

"சொல்லுறன். இடுப்பில மிச்சத் துணியை வெட்டமாட்டன், உள்ளுக்கை மடிச்சு விடுறன். உடம்பு தேறினாத் திரும்ப விடலாம்."

"நல்லது அண்ணை. எப்ப வரட்டும்?"

"வியாழக்கிழமை வாரும். போட்டுப் பாத்திட்டு மிச்சக் காசைத் தாரும்."

இந்த இளைஞர் நான்கு விடயங்களைச் சரியாகச் செய்திருக்கிறார். அன்றைக்குப் போடப்போகும் சேட்டோடு போனார். வேலை தொடங்க முன்னர் கூலியைக் கேட்டார். மிச்சத் துணி வெட்டப்படாமல் உள்ளே இருப்பதை அறிந்துகொண்டார். போட்டுப் பார்த்த பிறகு மிகுதிப் பணம் என்ற ஏற்பாட்டுடன் திரும்பினார். முன்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

9. போடுவதும் பாதுகாப்பதும்

புதிய கோட்டின் பின்பிளவில் பெருக்கல் குறிபோல ஒரு நூல் இருக்கும். கையில் துணி அடையாளம் ஒன்று தைத்திருக்கும். இரண்டும் கடைக்காக வைத்தவை, போட முன்னர் கழற்றிவிடுங்கள். இரண்டு தெறிக் கோட்டில் மேல் தெறியை மட்டும் பூட்டுங்கள். இருக்கும்போது அதையும் கழற்றுங்கள்.

கோட்டைத் தண்ணீரில் தோய்க்காதீர்கள். மலிவான கோட்டின் நெஞ்சுக்குள் விறைப்புத் துணி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். நனைந்தால் குமிழ் எழும்பும். போட்ட பிறகு நிழலில் கொழுவி வியர்வை உலரவிடுங்கள். கறையை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். சிரட்டைக்கரிப் பெட்டியால் மினுக்கும்போது, பழைய வேட்டித் துண்டொன்றை நனைத்துப் பிழிந்து கோட்டின் மேல் விரித்து, அதன் மேல் மினுக்குங்கள். நேரே வைத்தால் துணி பளபளக்கும் அல்லது எரியும்.

தகரக் கூரைக் கொட்டிலில் அலுமாரி இல்லாவிட்டால், கோட்டை உள்பக்கம் வெளியே வர மடித்துப் பருத்தித் தலையணை உறைக்குள் இட்டுப் பெட்டியில் வையுங்கள். பொலித்தீன் பையில் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மாரி மாதங்களில், மழை விட்ட நாட்களில் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். பூச்சி உருண்டை வைத்தால் அது துணியில் நேரே படாமலும் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமலும் வையுங்கள்.

செயற்பாடு

இன்று மாலை வீட்டிலுள்ள ஆண்களின் ஐந்து அளவுகளையும் எடுத்து இந்தக் கைநூலின் பின்னட்டையில் எழுதுங்கள். அயலில் யாருடைய தோள் அளவும் மார்பளவும் ஒத்திருக்கின்றன என்று விசாரியுங்கள். அவர்களில் ஒருவரிடம் கோட் இருந்தால் இரவல் கேட்டுப் போட்டுப் பாருங்கள். சுவரில் சாய்ந்து தோளைப் பரிசோதியுங்கள். அது சரியாக நின்றால் இந்தத் தடவை வாங்க வேண்டிய தேவை இல்லை. அதற்காகச் சேர்த்த பணத்தை வீட்டுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ பயன்படுத்தலாம்.